தட்டும் காலும்

அன்பு மகள் பட்டாணிக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்ற சொல்லை வழக்கம்போலக் கை போன போக்கில் எழுதவில்லை, நிறுத்தி யோசித்து எழுதியிருக்கிறேன், இந்த முறை அதில் உன் பெரியப்பாவும் அடக்கம். அவர் இப்போது நம் வீட்டு முன்னறையில் எனக்கு எதிரே செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், படிக்கிற பாவனையில் நான் என்ன எழுதுகிறேன் என்று மேல் விளிம்பு வழியாக எட்டிப் பார்க்கிறார். இதைப் படித்ததும் நீ உறையைத் திருப்பி, கடிதம் நம் வீட்டிலிருந்துதான் வந்ததா என்று முகவரியைப் பார்ப்பாய். பார்த்துவிட்டு வா. உன் தொண்டை வலி போய்விட்டதா, அலுவலகத்துக்கு நடந்து போவதாகச் சொன்னாயே, காதை மூடிக்கொண்டு போகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். அவளுக்கு மூட்டு வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், மாடியில் வீடு பார்த்தது நான்தானாம்.

நீ கேட்ட விஷயத்துக்கு இத்தனை நாள் பதில் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. போனில் அதைப் பற்றி ஆரம்பித்தால் என் குரல் ஏறும், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், பிறகு நீயும் அவளும் என் எதிரிலேயே என்னைப் பற்றிப் பேசுவீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நீ கேட்டது தாத்தா வீட்டு மடக்கு டீப்பாயை. நீ இருக்கும் ஊர் அருங்காட்சியகத்தில் அதே போன்ற ஒன்றைச் சுற்றிக் கயிறு கட்டி, மேலே விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றும், அது போன நூற்றாண்டின் நடுவில் டென்மார்க்காரர்கள் வடிவமைத்தது என்றும், உங்கள் கட்டட வரைபட அலுவலகத்தில் அதைப் பற்றிப் பேசினால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள் என்றும், அதன் முன்னால் நின்றபோது சின்ன வயதில் அதன் மேல் ஏறி நின்று அடி வாங்கியது நினைவுக்கு வந்தது என்றும் எழுதியிருந்தாய். உன் ஒற்றை அறை வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாய், மேஜை போட்டால் நடக்க இடமில்லை, சாப்பிட்டதும் மடக்கிச் சுவரில் சாய்த்துவிடக்கூடியது ஒன்று வேண்டும் என்றால் அது அதுதான் என்றாய். எல்லாம் சரி. கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாயே, நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளக்கூட வேண்டாம், நீங்கள் காலை அனுப்புங்கள், பெரியப்பா தட்டை அனுப்பட்டும், இரண்டு பார்சலாக வந்தால் நான் இங்கே சேர்த்துக்கொள்கிறேன் என்று, அந்த வரி என்னைக் குத்தியது. பெற்ற மகள் இப்படி ஓர் ஏற்பாட்டை யோசிக்கும்படி வைத்துவிட்டோமே என்று குத்தவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். பெரியப்பா தட்டைக் கொடுப்பார் என்று நீ நம்பினாயே, அதுதான் குத்தியது.

அது எப்படி இரண்டானது என்பதை நீ அம்மா சொல்லித்தான் கேட்டிருக்கிறாய், அப்போது நீ விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். அம்மா சொல்லும்போது அது இரண்டு நாய்கள் ஒரு துணியை இழுத்த கதை மாதிரி இருக்கும். நடந்தது வேறு. உன் தாத்தா வேலை பார்த்த தொழிற்சாலையில் எந்திரம் பூட்டிக் கொடுக்க வந்த டேனிஷ் இஞ்சினியர் ஊர் திரும்பும்போது தாத்தாவிடம் விட்டுப்போன சாமான் அது. மேலே தேக்குத் தட்டு, நான்கு பக்கமும் விளிம்பு லேசாக எழும்பியிருக்கும், தனியாகத் தூக்கினால் காபி கொண்டுவருகிற தட்டு, கவிழ்த்துப் போட்டால் மறுபக்கம் கன்னங்கரேலென்று இன்னொரு மேஜை. கீழே பெருக்கல் குறி போலக் குறுக்கே போகிற கால்கள், நடுவில் பித்தளைக் கீல், மடக்கினால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஆணித்தலை ஒன்றுகூட வெளியே தெரியாது. அழைப்புமணி அடித்ததும் காலைக் கொண்டுவந்து விரிப்பது அண்ணன் வேலை, தட்டைக் கொண்டுவந்து பொருத்துவது என் வேலை. பெரியவனுக்குக் கால், சின்னவனுக்குத் தட்டு, ஒருவன் வேலையில் மற்றவன் கை வைக்கக் கூடாது, அது தாத்தா போட்ட சட்டம், நாங்களும் ஒருநாளும் மீறியதில்லை.

தாத்தா காலமான பிறகு வீட்டைக் காலி செய்த அன்று மற்ற சாமான்கள் சுமுகமாகவே பிரிந்தன, அதாவது நல்லதெல்லாம் அவருக்கும் கனமானதெல்லாம் எனக்கும் வந்தன. நான் வாய் திறக்கவில்லை. டீப்பாய் மட்டும் எனக்கு வேண்டும் என்றேன். "அது எப்பவோ என் வண்டியில ஏறியாச்சுன்னு வச்சுக்கோ" என்று சொல்லி அவர் தட்டைப் பிடித்தார். நான் குனிந்து காலைப் பிடித்தேன். இழுத்த இழுப்பில் தட்டு கழன்று அவர் கையோடு போனது, கால் என் கையோடு மடங்கி விரலைக் கடித்தது. பக்கத்தில் நின்ற எங்கள் அத்தை, "ஆச்சு, ஆளுக்குப் பாதி, கிளம்புங்கடா" என்று சிரித்தாள், சாமான் ஏற்ற வந்த வண்டிக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மறக்கவில்லை. பேச்சு நின்றது அன்றுதான் என்றாலும் காரணங்கள் அதற்கு முன்பே சேர்ந்திருந்தன. தாத்தா இறந்த அறிவிப்பைச் செய்தித்தாளில் கொடுத்த உன் பெரியப்பா தன் பெயரோடு தன் மூக்குக்கண்ணாடிக் கடையின் பெயரையும் போட்டார், என் பெயருக்குப் பின்னால் என் பட்டத்தைப் போடவில்லை, கேட்டால் இடமில்லையாம். புரொபசர் என்று என்னைக் கேலியாகக் கூப்பிட மட்டும் அவர் வாயில் இடம் உண்டு. கல்லூரியில் துறைத் தலைவர் பதவி எனக்கு வராமல் போனதே, அந்த வருடத்திலிருந்துதான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார் என்பதைக் கவனி.

காலை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது, எனக்கு அதை விரிக்கத் தெரியாது. வாழ்நாள் முழுக்க அவர் விரித்துத்தான் பார்த்திருக்கிறேன். இயற்பியல் படித்தவன், பிள்ளைகளுக்கு நெம்புகோல் பாடம் நடத்துகிறவன், ஒரு மரக்காலை விரிக்க முடியாமல் விரலை நசுக்கிக்கொண்டு நின்றேன். பாதி விரியும், பிறகு கோணிக்கொண்டு நின்றுவிடும். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு விரிஞ்சா எனக்குப் போதும்" என்று பால்கனிக்கு எடுத்துப்போய் துண்டு காயப்போடுகிற சட்டமாக ஆக்கிக்கொண்டாள். டேனிஷ் வடிவமைப்பின் மேல் நம் வீட்டு உள்பாவாடைகள் காய்ந்ததை உன் அலுவலகத்தில் சொல்லாதே. பெரியப்பா வீட்டிலும் இதே கதைதான் என்று பிறகு தெரிந்தது. தட்டைப் பொருத்தும் விதம் அவருக்குத் தெரியாது, கடையில் கிடந்த ஒரு முக்காலியின் மேல் சும்மா வைத்துக்கொண்டிருந்தாராம், கை பட்டால் சரியும்.

இதற்கு நடுவில் ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா தன் கடைப் பையன் மூலமாக உன் அம்மாவிடம் கால் என்னவாயிற்று என்று விசாரித்திருக்கிறார். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "அதை அப்பவே குட்டையா வெட்டிப் பூந்தொட்டி வைக்கப் போட்டாச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டதற்கு, வெட்டியாச்சுன்னா அப்புறம் யாரும் கேட்க மாட்டாங்க, எனக்குத் துண்டு போட இடம் வேணும் என்றாள். எனக்கு அந்தப் பொய் பிடித்திருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். ஒரு மாதத்தில் பதில் வந்தது, தட்டில் ஓட்டை போட்டு வேறு கால் திருகியாகிவிட்டது என்று. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் நீ தட்டையும் காலையும் சேர்த்துக்கொள்கிறேன் என்று எழுதியபோது எனக்குப் பதில் வரவில்லை பட்டாணி. ஓட்டை விழுந்த தட்டு, வெட்டியதாகச் சொல்லப்படும் கால், எதைச் சேர்ப்பாய்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அன்று கல்லூரியில் தேர்வு, எனக்கு மேற்பார்வை. அம்மா போன் செய்தாள், பெரியப்பா தெருவில் குடிநீர்ப் பெருங்குழாய் உடைந்துவிட்டதாம், நம் மருந்துக்கடைக்காரர் அந்தப் பக்கமிருந்து வந்து சொன்னார், தெருவே ஆறாகப் போகிறதாம் என்றாள். பெரியப்பா வீடு தெருவைவிடத் தாழ்ந்தது, வாசலில் படி ஏறாது, இறங்கும், அது உனக்கு நினைவிருக்கும். பெரியம்மா போன பிறகு அங்கே அவர் ஒருவர்தான். போன் போட்டேன், மணி அடிக்கவே இல்லை. கடைக்குப் போட்டேன், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை என்றார்கள். துறைத் தலைவரிடம் போய் நின்றேன், எனக்குக் கீழே சேர்ந்து எனக்கு மேலே உட்கார்ந்தவர் என்று உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், அவர் காரணம்கூடக் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க கிளம்புங்க சார், ஹாலை நான் பாத்துக்கறேன்" என்றார். அதனால் அவர்மேல் உள்ள மனத்தாங்கல் போய்விட்டது என்று நினைக்காதே, ஓர் ஓரம் மழுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அம்மாவிடம் போனில், தட்டு நனைந்துவிடும், அதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். அவளும் சரி என்றாள். உன்னிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் ஏறியதிலிருந்து எனக்குத் தட்டின் நினைப்பே இல்லை.

பஸ்ஸைத் தெருமுனைக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள், அங்கிருந்து கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நடந்தேன். அதற்குள் குழாயை மூடிவிட்டிருந்தார்கள், தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, தீயணைப்பு வண்டி உறிஞ்சிக் கொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சாமான் குவியல். பெரியப்பா வீட்டு முன்னால் கிடந்த குவியலில் மெத்தை, அலமாரிக் கதவு, பெரியம்மாவின் தையல் மெஷின், கண் பரிசோதனைக்கு எழுத்து எழுதித் தொங்கவிடுகிற அட்டை, எல்லாம் சேறு. கால் பிளந்த முக்காலி ஒன்று கிடந்தது, மேலே தட்டு இல்லை. அதன் பக்கத்தில் ஒற்றைச் செருப்பு. இடது குதிகாலின் வெளிப்பக்கம் தேய்ந்திருந்தது, எனக்கும் அப்படித்தான் தேயும், எங்கள் இருவருக்கும் நடை ஒன்று. அந்தச் செருப்பைப் பார்த்த பிறகு நான் எப்படி நின்றேன் என்று எழுத வரவில்லை. அங்கே நின்ற தீயணைப்புக்காரரிடம், கீழ் வீட்டில் இருந்தவர் எங்கே என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நீங்க யாரு என்றார். தம்பி என்றேன். உடனே அவர் சிரித்துவிட்டார். "ஓ, காலை வச்சிருக்கிற தம்பியா? மேல மாடி வீட்டுல இருக்காரு போங்க சார். நல்ல ஆளு உங்க அண்ணன், இடுப்பளவு தண்ணியில நிக்கிறாரு, கையைக் குடுங்கன்னா மொதல்ல இதைப் புடின்னு ஒரு தட்டை நீட்டறாரு. வெள்ளித் தட்டோன்னு பாத்தா மரத் தட்டு. இதுக்குக் கால் எங்கன்னு சும்மா கேட்டேன், அதுக்கு அந்தத் தண்ணியில நின்னுகிட்டே உங்களைப் பத்திப் பாதிக் கதை சொல்லிட்டாரு."

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். தீயணைப்புக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், அந்தத் தெருவில் அவ்வளவு தண்ணீருக்கு நடுவில் குடிக்க அந்த ஒரு பாட்டில்தான் இருந்திருக்கும். மேலே போனேன். மாடி வீட்டு நர்ஸம்மா கதவைத் திறந்தாள், உள்ளே உன் பெரியப்பா அந்தம்மாவின் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு, பொத்தான் பூட்ட முடியாமல், நாற்காலியில் தட்டை மடியில் வைத்து அதன் மேல் டீ டம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க புரொபசர். வேடிக்கை பாக்க வந்தீங்களா, இல்ல மிச்சப் பாதியையும் வாங்கிட்டுப் போக வந்தீங்களா?" என்றார். நான், போனை எடுக்க மாட்டியா அண்ணா என்றேன். கோபமாகத்தான் கேட்டேன், அண்ணா என்பது தானாக ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவர் அதைக் கவனித்தார், கவனிக்காத மாதிரி ஒரு வாய் டீ குடித்தார். பிறகு, "போன் கீழ தண்ணிக்குள்ள இருக்கு. வேணும்னா நீ இறங்கி எடுத்துப் பேசு" என்றார். நர்ஸம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். முதுகு பிடித்துக்கொண்டிருந்தது அவருக்கு, தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே நின்றதில். எழுந்து நிற்க என் தோளைப் பிடித்தார். தட்டை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கு, வேண்டாம் என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பஸ்ஸிலும் அப்படியேதான் வந்தார், நடத்துநர் அதற்கு டிக்கெட் கேட்பார் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எதுவும் கேட்கவில்லை, நேற்று வந்துபோனவரை வரவேற்பது போல, "வெந்நீர் போட்டிருக்கேன், குளிச்சுட்டு வாங்க" என்றாள். துண்டு எடுத்துக்கொள்ள அவர் பால்கனிக்குப் போனார். போனவர் திரும்பவில்லை. என்ன ஆச்சு என்று போய்ப் பார்த்தால், துண்டுகள் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் காலின் முன்னால் நின்றுகொண்டிருக்கிறார். ஒரு துண்டை விலக்கி, கால் தரையில் படுகிற இடத்தைக் குனிந்து தடவிப் பார்த்தார். முதுகு வலியோடு குனிந்தார். "வெட்டலையா?" என்று கேட்டார், என்னைப் பார்த்துக்கூட இல்லை, காலைப் பார்த்து. உள்ளே இருந்து அம்மா, "எதை வெட்டறது, எனக்குக் காய் வெட்டவே நேரமில்ல" என்றாள். நான் தட்டை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். கறுப்புப் பக்கத்தில் ஓரமாக ஒரே ஓர் ஓட்டை, அதுவும் பாதி ஆழம், மரத்தூளும் பசையும் வைத்து அடைத்திருந்தது. அவருக்கு முகம் மாறிவிட்டது. "ஒண்ணுதான். ரெண்டாவதுக்கு ட்ரில்லை வைக்கறப்ப நிறுத்துன்னு சொல்லிட்டேன், கார்பென்டர் என்னைப் பைத்தியம்னு பாத்தான். பல்லு புடுங்கற சத்தம்டா அது. கேக்க முடியல" என்றார். கறுப்புப் பக்கம்தானே, தெரியாது என்றேன். எனக்குத் தெரியுமே என்றார்.

துண்டுகளை எடுத்துவிட்டுக் காலை முன்னறைக்குக் கொண்டுவந்தேன். என் வழக்கப்படி இழுத்தேன், வழக்கப்படி கோணிக்கொண்டு நின்றது. "தள்ளு, முறிச்சுடப் போற. படிச்சவன் கையா இது" என்று என்னை ஒதுக்கிவிட்டு, கீல் இருக்கும் இடத்தை ஒரு பொட்டு மேலே தூக்கினார், பிறகுதான் வெளிப்பக்கம் விட்டார். சத்தமே இல்லாமல் விரிந்து நின்றது. நான் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன், தூக்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அடுத்து அவர் தட்டை எடுத்து மேலே வைத்தார், அது சரிந்தது, மறுபடி வைத்தார், மறுபடி சரிந்தது. இப்போது நான் தள்ளு என்றேன். எதிர்ப்பக்க விளிம்பை முதலில் உட்கார வைத்து, என் பக்கம் இழுத்து, உள்ளங்கையால் ஓர் அழுத்து. டக் என்று விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிறது பட்டாணி, என் கைக்கு அது மறக்கவில்லை. ஒரு பக்கம் சாய்கிறதா என்று அவர் ஒரு மூலையை அழுத்திப் பார்த்தார், நான் எதிர் மூலையை அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. அம்மா வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, இனி என் துண்டை எங்க காயப்போடறது?" என்றாள்.

அதனால் இருவரும் கட்டிப்பிடித்து அழுதோம் என்று கற்பனை செய்யாதே. அவர் வந்த மறுநாளே சண்டை. தேக்குப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று நான், கீறல் விழும், கறுப்புப் பக்கம் மேலே இருக்கட்டும் என்று அவர். காலையில் நான் எழுந்து வருவதற்குள் கவிழ்த்து வைத்திருப்பார், அவர் குளிக்கப் போனதும் நான் திருப்பி வைப்பேன். அறிவிப்பில் பட்டம் விட்டுப்போன விஷயத்தையும் கேட்டுவிட்டேன், இத்தனை காலம் உள்ளே வைத்திருந்ததைச் சாப்பிடும்போது கேட்டேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "ஆமா, வேணும்னுதான் விட்டேன். நீ அப்ப என் கடைத் திறப்புக்கு வரலைல்ல" என்றார். எனக்கு அது நினைவில்லை. அவருக்கு நினைவிருக்கிறது, என்னைப் போலவே அவரும் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறார், இந்தக் குடும்பத்தில் எதுவும் தொலைவதில்லை. என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, யாரிடம் போட்டாய் என்று கேட்டார், இன்னொரு கடையின் பெயரைச் சொன்னேன். "என் கடைக்கு வரக் கூடாதுன்னு அந்தக் கத்துக்குட்டிகிட்ட போயிருக்க. தலை வலிக்குமே சாயங்காலமானா?" என்றார். வலிக்கும், நீயும் எத்தனை முறை டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறாய். வேறு கண்ணாடி போட்டுக் கொடுத்திருக்கிறார். தலைவலி போய்விட்டது. அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் தாங்க முடியாது.

இப்போது உன் விஷயம். அவர் வீடு காய்ந்துவிட்டது, சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது, அடுத்த வாரம் போகிறார். போகிற நாள் நெருங்க நெருங்க நாங்கள் இருவரும் டீப்பாயைப் பார்ப்பதும் பிறகு வேறு எங்கேயோ பார்ப்பதுமாக இருந்தோம். நீ கேட்டது அவருக்கும் தெரியும், நீ அவருக்கும் தனியாக எழுதியிருக்கிறாய் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொடுக்க மனமில்லை. முழுதாகக் கண்ணில் பட்டது இந்தச் சில வாரங்கள்தான். ஆனால் இங்கே இருந்தால் யார் வீட்டில் இருப்பது என்ற கேள்வி வரும், அந்தக் கேள்விக்கு எங்களுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான், அதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டோம். இதை நான்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தட்டின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பொண்ணு தரையில உக்காந்து சாப்பிடுதுடா. அனுப்பிடுவோம்" என்றார். கட்டுவதற்கும் சண்டைதான். காலைத் தனியாக, தட்டைத் தனியாக அனுப்பினால் பத்திரம், நீயும் அப்படித்தானே கேட்டாய் என்று அவர். முடியாது, ஒரே பெட்டி என்று நான். அந்த ஒரு சண்டையில் மட்டும் நான் ஜெயித்தேன், அல்லது அவர் விட்டுக்கொடுத்தார், தெரியவில்லை. பழைய போர்வை இரண்டைச் சுற்றி, மூலைகளுக்கு அம்மா வெட்டிக் கொடுத்த பஞ்சை வைத்துக் கட்டியிருக்கிறோம். இனி அவர் வீட்டில் தட்டும் இல்லை, என் வீட்டில் காலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கண் மறுபரிசோதனைக்கு வா என்று சொல்லியிருக்கிறார், போக வேண்டும். அம்மாவுக்குத் துணி காயப்போட இரும்புச் சட்டம் ஒன்று வாங்கிக் கொடுத்தாகிவிட்டது, இது கோணலாக இல்லையே என்று குறைப்படுகிறாள்.

பெட்டியைப் பிரித்ததும் செய்ய வேண்டியது. முதலில் காலை நிமிர்த்தி, கீலை ஒரு பொட்டு மேலே தூக்கு, பிறகுதான் விரி, இது பெரியப்பா சொன்னது, என் சொல்லைக் கேட்டு இழுத்துவிடாதே. தட்டை வைக்கும்போது எதிர்ப்பக்கம் முதலில், பிறகு உன் பக்கம் இழு, உள்ளங்கையால் அழுத்து, டக் என்று கேட்க வேண்டும், கேட்காவிட்டால் டம்ளர் வைக்காதே, இது நான் சொல்வது. ஹீட்டர் பக்கத்தில் போடாதே, மரம் வாய் பிளக்கும். ஈரத் துணியால் துடைக்காதே, அது பார்த்த தண்ணீர் போதும். மேலே ஏறி நிற்காதே, உனக்கு வயதாகிவிட்டது. ஓட்டை இருக்கும் பக்கத்தைக் கீழே வைத்துக்கொள், யாராவது கேட்டால் சொல்ல வேண்டியதில்லை, பெரியப்பா கேட்டால் பார்க்கவே இல்லை என்று சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, இனித் தரையில் வேண்டாம். உன் வேலையில் உனக்கு உரியது உனக்குக் கிடைக்கட்டும், கிடைக்காவிட்டால் என்னைப் போல அதை வைத்துக்கொண்டு உட்காராமல் வேறு இடம் பார். நன்றாக இரு, அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, பெரியப்பா தன்னுடையதைத் தனியாக எழுத வேண்டியதில்லை, இதிலேயே சேர்த்துவிடு என்கிறார், சேர்த்துவிட்டேன். பெட்டியின் மேல் அனுப்புநர் பெயரை அவர்தான் எழுதினார், மூத்தவராம். என் பெயரை முதலில் எழுதி, பின்னால் என் பட்டங்களை ஒன்று விடாமல், நான் மறந்துபோன டிப்ளமோ உட்பட, பெரிய எழுத்தில் வரிசையாக எழுதிவிட்டார். தன் பெயருக்கு இடமில்லாமல் ஓரத்தில் பொடியாக, பக்கவாட்டில் திருப்பி எழுதியிருக்கிறார், உற்றுப் பார்த்தால் தெரியும். பார்சல் ஒன்றுதான் வரும். இன்னொன்று வரும் என்று காத்திருக்காதே.

உன் அன்பு அப்பா